பனையோலைத் தொப்பிக்கு முதலில் வேண்டியது நல்ல அச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனையோலைக் கைவினைப் பொருட்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தூத்துக்குடி, இராமநாதபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களில் பெண்கள் முடையும் பெட்டி, கொட்டான், சுளகு, விசிறி ஆகியவற்றோடு தொப்பியையும் சேர்த்துப் பேசிய அந்தக் கட்டுரை, தொழில் வளர்வதற்குப் பயிற்சி, புதிய வடிவமைப்பு, இணையவழி விற்பனை என மூன்று வழிகளைப் பரிந்துரைத்திருந்தது. மூன்றும் வேண்டியவைதாம். ஆனால் தொப்பியைப் பொறுத்தவரை இந்த மூன்றுக்கும் முன்பே தீர்க்கப்பட வேண்டிய ஒன்று அதில் விடுபட்டுவிட்டது. முடைந்த ஓலைக்குத் தலையின் வடிவத்தைக் கொடுக்கும் அச்சும், அந்த அச்சைச் சூடேற்றி அழுத்தும் இயந்திரமும் நம்மிடம் சரியாக இல்லை என்பதே அது. கோயம்புத்தூரின் அச்சுப் பட்டறைகளில், 'டை' எனப்படும் உலோக அச்சுகளைச் செய்யும் வேலையிலேயே காலமெல்லாம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

பெட்டி கொஞ்சம் கோணலாக அமைந்தாலும் அதில் வைக்கும் கருப்பட்டிக்கு எந்தக் குறையும் வராது. சுளகின் ஒரு பக்கம் அரை விரற்கடை அகன்றுவிட்டாலும் அரிசி புடைக்கலாம். தொப்பியின் கதை வேறு. சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் அது நெற்றியில் வடுப் பதிக்கும். ஒரு சென்டிமீட்டர் கூடினால் கடற்கரைக் காற்றில் தலையில் நிற்காது. ஓலையில் செய்யும் பொருட்களிலேயே உடலின் அளவுக்குப் பொருந்தியாக வேண்டிய பொருள் அநேகமாக இது ஒன்றுதான். ஆகவே மற்ற பொருட்களுக்குக் கைப்பழக்கமும் கண்ணளவும் போதும் என்ற நிலை தொப்பிக்குப் பொருந்தாது.

திருச்செந்தூர்ப் பக்கம் உறவினர் ஊருக்குச் சென்றிருந்தபோது தொப்பி முடையும் பெண்கள் சிலரின் வேலையை அருகிலிருந்து பார்த்தேன். குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயம் காய்ச்சி, நிழலில் உலர்த்தி, அவர்கள் முடைந்த முடைச்சலில் ஒரு இழை கூடப் பிசகவில்லை. அத்தனை நேர்த்தியாக முடைந்து முடித்த தொப்பியைக் கடைசியில் தண்ணீர் தெளித்து, கவிழ்த்து வைத்த அலுமினியச் சட்டி ஒன்றின்மேல் இழுத்து மாட்டி, சுற்றிலும் சணல் கயிற்றால் கட்டி, விளிம்பு மேலெழாதபடி அதன்மேல் செங்கற்களை அடுக்கி வெயிலில் காயவிட்டார்கள். வேறு அச்சு எதுவும் அவர்களிடம் இல்லை. பெரியவர்களுக்கு ஒரு சட்டி, பிள்ளைகளுக்கு ஒரு சட்டி, அவ்வளவே.

சட்டி வட்டமானது. மனிதத் தலை வட்டமன்று. முன்பின்னாக நீண்ட முட்டை வடிவம். இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம் என்பதால் கணக்குப் போட்டே காட்டுகிறேன். 57 செ.மீ. சுற்றளவுள்ள ஒரு தலையின் நீளம் சுமார் 19.5 செ.மீ., அகலம் சுமார் 16.5 செ.மீ. என்று கொள்வோம். அதே 57 செ.மீ. சுற்றளவுள்ள வட்டத்தின் விட்டம் சுமார் 18.1 செ.மீ. அதாவது, சுற்றளவு மிகச் சரியாக இருந்தாலும், வட்ட அச்சில் உருவான தொப்பி முன்பின்னாக ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் பற்றாமலும், பக்கவாட்டில் அதே அளவுக்குத் தொளதொளவென்றும் இருக்கும். வாங்கியவர் நெற்றி வலிக்கிறது என்று அதைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கிறார். இரண்டாவது தொப்பி வாங்குவதில்லை. முடைந்தவரின் கைத்திறனில் எந்தக் குறையும் இல்லாமலேயே இது நடக்கிறது.

தொப்பித் தொழில் வேரூன்றிய நாடுகளில் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே பாரிஸ் நகரத்தில், தலையில் கவிழ்த்தால் சுற்றிலும் உள்ள குச்சிகள் தலையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப நகர்ந்து, அந்தத் தலையின் கோட்டு வடிவத்தைச் சிறிய காகிதத் துண்டில் குத்திக் காட்டும் அளவுக் கருவி ஒன்றைச் செய்துவிட்டார்கள். ஆங்கிலேய, அமெரிக்கத் தொப்பிகளில் ஏழு, ஏழே அரைக்கால், ஏழேகால் என்று அளவு குறிப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். தலைச் சுற்றளவை ஒரு வட்டமாக மாற்றினால் கிடைக்கும் விட்டத்தின் அங்குலக் கணக்கே அந்த எண். விட்டத்தில் அரைக்கால் அங்குலம் கூடும்போது சுற்றளவு கிட்டத்தட்ட மிகச் சரியாக ஒரு சென்டிமீட்டர் கூடுகிறது. அளவுக்கு ஓர் அச்சு என்ற முறை அங்கெல்லாம் இப்படித்தான் நிலைபெற்றது. அளவின் எண்ணாக மட்டுமே விட்டம் பயன்படுகிறது; அச்சை அவர்கள் முட்டை வடிவிலேயே செதுக்குகிறார்கள்.

அடுத்தது சூடு. ஓலையின் நார்களைக் கட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகும். அழுத்தத்தில் வைத்தபடியே ஈரத்தை வெளியேற்றி ஆறவிட்டால் புதிய வடிவத்திலேயே இறுகிவிடும். ஈரம் மட்டும் இருந்து சூடு போதாவிட்டால் ஓலை தற்காலிகமாக வளைந்து கொடுக்குமே தவிர வடிவம் நிலைக்காது. சட்டியின்மேல் வெயிலில் காயும் தொப்பிக்கு நேர்வது இதுதான். கோடையில் விறைப்பாக நிற்கும் தொப்பி ஐப்பசி மழைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சியதும் தளர்ந்து, விளிம்பு அலை அலையாகத் தொங்கிவிடுகிறது. மாறாக, அடுப்புச் சூட்டிலோ இஸ்திரிப் பெட்டியாலோ வடிவம் கொடுக்க முயன்றால், சூட்டின் அளவு தெரியாமல் ஓலை பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும் நிலைக்குப் போய்விடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள சூட்டை விடாமல் ஒரே நிலையில் வைத்திருப்பது கைக்கு ஆகிற காரியமன்று. அதற்கு ஒரு ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் வேண்டும்.

ஓலைத் தொப்பி முதலில் கிழிகிற இடம் எது என்று கவனித்தவர்களுக்குத் தெரியும். தலைப்பகுதி முடிந்து விளிம்பு தொடங்கும் அந்த மடிப்பில்தான் ஓலை முதலில் வெடிக்கிறது. கயிற்றால் இறுக்கிக் கட்டும்போது அந்த இடத்தில் ஓலை கூர்மையாக மடங்குகிறது. உலோகத் தகட்டை வளைக்கிறவர்கள் எந்த மூலையையும் கூர்மையாக விடமாட்டார்கள். தகட்டின் தடிப்புக்கு ஏற்ப மூலையை உருட்டி மழுக்குவார்கள், இல்லையென்றால் தகடு அங்கே விரிசல் விடும். ஓலைக்கும் அதே விதிதான். அச்சின் அந்த மூலையை ஒரு சுண்டுவிரலின் வளைவு அளவுக்கு உருட்டிவிட்டாலே தொப்பியின் ஆயுள் கூடும். இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் சட்டியின் விளிம்பில் அந்த வளைவை உண்டாக்க முடியாது.

இங்கிலாந்தின் லூட்டன் நகரத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வைக்கோல் தொப்பிக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூர்க் கால்பந்து அணிக்கு இன்றும் தொப்பிக்காரர்கள் என்றே பட்டப்பெயர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெண்களும் பிள்ளைகளும் வைக்கோலைப் பின்னிப் பட்டையாக்கிச் சந்தையில் விற்பார்கள். நகரத்துப் பட்டறைகள் அந்தப் பட்டையைச் சுருளாகத் தைத்து, மரக்கட்டையில் வடிவம் கொடுத்துத் தொப்பியாக்கும். 1870களில் தொப்பி தைக்கும் இயந்திரங்கள் வந்தன. வெளியே தெரியாமல் தையல் போடும் இயந்திரமொன்று அதன் விலையாலேயே பதினேழு கினி இயந்திரம் (கினி என்பது பழைய ஆங்கிலேயப் பண அளவு) என்று பெயர் பெற்றது. மரக்கட்டையில் கையால் இழுத்து இஸ்திரி போட்ட இடத்தில், எரிவாயுவால் சூடேறும் உலோக அச்சுக்குள் தொப்பியை வைத்து, ரப்பர் சவ்வின் பின்னாலிருந்து நீரின் அழுத்தத்தைக் கொடுத்து வடிவமைக்கும் ஹைட்ராலிக் இயந்திரங்களும் வந்து சேர்ந்தன. அதே காலத்தில்தான் சீனாவிலிருந்தும் பின்னர் ஜப்பானிலிருந்தும் மலிவான வைக்கோல் பட்டை வந்து குவியத் தொடங்கியது. கிராமத்துப் பின்னல் தொழில் அந்த நூற்றாண்டின் முடிவுக்குள் ஏறத்தாழ அழிந்தே போயிற்று. லூட்டன் பட்டறைகளுக்கு எந்தச் சேதமும் இல்லை. வந்த பட்டையை வாங்கித் தைத்து, தங்கள் அச்சில் வடிவம் கொடுத்து அவை இன்னும் செழித்தன. அச்சு யாரிடம் இருந்ததோ அவர்கள் பிழைத்தார்கள். பின்னலை மட்டும் நம்பியிருந்தவர்களின் வாழ்வு போயிற்று.

இன்றைக்கும் நடக்கிற எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டைப் பார்க்கலாம். உலகம் பனாமா தொப்பி என்று அழைப்பது உண்மையில் அந்த நாட்டுத் தொப்பி. பனாமா வழியாகக் கப்பலேறியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. டோக்கியா என்ற செடியின் இளங்குருத்தைக் கீறி, அவித்து, உலர்த்தி, கிராமத்து மக்கள் கையாலேயே அதை முடைகிறார்கள். மிக நுண்ணிய தொப்பி ஒன்றை முடிக்கப் பல மாதங்கள் ஆகும். அந்த முடைச்சல் கலையை 2012-ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இத்தனை பெருமை இருந்தும், முடைகிறவர்கள் பெரும்பாலும் விற்பது வடிவம் பெறாத தொப்பியுடலைத்தான். அதை இடைத்தரகர்கள் வாங்கி, குவெங்கா போன்ற நகரங்களில் உள்ள ஏற்றுமதிப் பட்டறைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே வெளுத்து, நீராவி காட்டி, சூடேறிய அச்சில் அழுத்தி, பட்டி கட்டி முடிக்கிறார்கள். பெருமளவு தொப்பியுடல்கள் வடிவம் பெறாமலேயே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய், அங்குள்ள அச்சுகளில் உருப்பெற்று, அங்குள்ள நிறுவனங்களின் பெயரோடு கடைக்கு வருகின்றன. கடையில் அந்தத் தொப்பிக்குக் கிடைக்கும் விலையில் முடைந்தவரின் கைக்குப் போவது மிகச் சிறிய பங்கே என்பது எல்லோரும் அறிந்தது. யுனெஸ்கோவின் பட்டியலாலும் இந்தப் பங்கு பெரிதாக மாறிவிடவில்லை.

நம் ஊர்ப் பெண்கள் இன்று இருக்கும் இடம் இந்த வரிசையின் முதல் படிதான். நாளைக்கே பனையோலைத் தொப்பிக்கு வெளிநாட்டில் கிராக்கி ஏற்பட்டால், எங்கோ ஒரு நகரத்தில் இருக்கும் ஏற்றுமதியாளர் நல்ல அச்சும் அழுத்த இயந்திரமும் வாங்கிப் போட்டு, முடைந்த உடலை மட்டும் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்வார். அதில் சட்டவிரோதம் எதுவுமில்லை. அவர்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் அதற்கு முன்பே அந்த அச்சை முடைகிறவர்களின் கூட்டுறவுச் சங்கமோ சுய உதவிக் குழுவோ வைத்திருந்தால் நிலைமை தலைகீழாக மாறும். இந்தக் கடிதத்தில் நான் வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

இதற்கான இயந்திரத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய தேவை இல்லை. பாதி இயந்திரம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. பாக்குமட்டைத் தட்டு செய்யும் இயந்திரங்களைக் கோயம்புத்தூர் வட்டாரப் பட்டறைகள் பல ஆண்டுகளாகச் செய்து வருகின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 சனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடை வந்தபோது அவை பரவலாகப் பேசப்பட்டன. தண்ணீரில் ஊறிய மட்டையை, ஹீட்டர் பொருத்திய மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் சிறிது நேரத்தில் தட்டு உருவாகி வெளியே வருகிறது. ஈரம், சூடு, அழுத்தம் ஆகிய மூன்றும் அளவோடு சேர்வதுதான் அங்கே நடப்பது. தொப்பிக்கு வேண்டியவையும் அவையே. சட்டம், ஹைட்ராலிக் அமைப்பு, சூட்டுக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மாற்ற வேண்டியது அச்சை.

அச்சை மாற்றுவதில் கவனிக்க வேண்டிய சிக்கல்கள் சில உண்டு. தட்டின் ஆழம் மூன்று நான்கு சென்டிமீட்டர். தொப்பியின் தலைப்பகுதியோ பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். முடைந்த ஓலைப் பட்டை ரப்பரைப் போல நீளாது. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துதான் இடங்கொடுக்கும், அந்தச் சாய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவே தட்டையான முடைச்சலை ஒரே அழுத்தில் தொப்பியாக்க முயன்றால் அது பக்கங்களில் கிழியும். முடையும்போதே மரக்கட்டையின்மேல் வைத்து ஏறத்தாழத் தொப்பி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அந்த வடிவத்தை நிலைப்படுத்தும் கடைசி வேலையை மட்டும் இயந்திரத்திடம் விட வேண்டும். அப்படியானால் ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு உறுப்புகள் தேவை: முடைவதற்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஒரு மரக்கட்டை, பொது மையத்தில் இருக்கும் இயந்திரத்துக்கு அதே அளவில் ஓர் உலோக அச்சு. மரக்கட்டையை நம் ஊர்த் தச்சரே பூவரசிலோ வேம்பிலோ கடைந்து தந்துவிடுவார்.

உலோக அச்சை அலுமினியத்தில் வார்ப்பது நல்லது. சூடு விரைவாகவும் சீராகவும் பரவும், எடையும் குறைவு. மேலும் கீழும் இரண்டு உலோக அச்சுகளைப் பொருத்துவதைவிட, ஒரு பக்கம் உலோக அச்சும் மறுபக்கம் சிலிக்கோன் ரப்பர் சவ்வும் இருப்பது தொப்பிக்கு ஏற்றது என்பது என் கருத்து. முடைச்சலின் தடிப்பு எங்கும் ஒரே அளவாக இராது. பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் அது இரட்டிப்பாகும். இரண்டு உலோகங்களுக்கு நடுவில் அந்த மேடுகள் நசுங்கி ஓலை வெட்டுப்படும். ரப்பர் சவ்வு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இணங்கிக் கொடுக்கும். லூட்டன்காரர்கள் ரப்பருக்கும் நீருக்கும் போனதன் பயனும் இதுவே. இன்று கிடைக்கும் சிலிக்கோன் ரப்பர் அந்தக் காலத்து ரப்பரைவிடக் கூடுதல் சூடு தாங்கும். அச்சில் ஆங்காங்கே சிறு துளைகள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓலையிலிருந்து கிளம்பும் நீராவி வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, தொப்பியில் கறை படிந்துவிடும்.

மேல்பக்கம் அகன்று கழுத்தில் ஒடுங்கும் தொப்பி வகைகளும் உண்டு. அவற்றை ஒரே துண்டான கட்டையில் செய்தால், செய்தபின் கட்டையை வெளியே எடுக்க முடியாது. இதற்கு மேல்நாட்டுத் தொப்பிக்காரர்கள் ஐந்து துண்டுகளாகப் பிரியும் கட்டையைப் பயன்படுத்துகிறார்கள். நடுத்துண்டை முதலில் உருவினால் மற்ற நான்கும் உள்ளே சரிந்து ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும். நம் கோயில் தேரின் மரவேலையைப் பார்த்தவர்களுக்கு இத்தகைய பிணைப்பு புதிதாக இராது.

இயந்திரம் வந்தால் கைவினை அழிந்துவிடும் என்ற அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆட்டுக்கல்லின் இடத்தில் கிரைண்டர் வந்ததும், கைத்தறிக்குப் பக்கத்தில் விசைத்தறி வந்ததும் நம் கண்முன் நடந்தவை. ஆனால் நான் கேட்கும் இயந்திரம் முடைவதில்லை. ஓலையை வார்வதும், சாயமிடுவதும், கோலம் தெரிந்து முடைவதும் கையிலேயே இருக்கும். கை செய்ய முடியாத, செங்கல்லும் வெயிலும் செய்து கெடுக்கிற ஒரே ஒரு வேலையை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. உரோமத் தொப்பித் தொழிலில் நடந்தது இதற்கு நேர்மாறானது. முயல் உரோமத்தை வில்லால் அடித்துப் பரப்பி, கையால் ஒன்றுசேர்த்துத் தொப்பியுடல் உருவாக்கிய கைத்திறனை, 1846-இல் அமெரிக்காவில் ஹென்றி வெல்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற இயந்திரம் தன்னிடம் எடுத்துக்கொண்டது. துளையிட்ட செம்புக் கூம்பின் உட்புறத்திலிருந்து காற்றை உறிஞ்சி, பறந்து வரும் உரோமத்தை அதன்மேல் படியவைத்து, வெந்நீரால் இறுக்கிக் கூம்பு வடிவ உடலை அது உருவாக்கியது. அந்தத் தொழிலில் கையின் இடம் சுருங்கியது. ஓலைக்கு அப்படி ஓர் இயந்திரத்தை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

தொழிலாளியின் உடல்நலம் குறித்தும் இதே தொழிலின் வரலாறு நம்மை எச்சரிக்கிறது. தொப்பி நகரம் என்றே பெயர் பெற்ற, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து டான்பரியில், முயல் உரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச நைட்ரேட்டைப் பயன்படுத்தினார்கள். சூடான, காற்றோட்டமில்லாத பட்டறைகளில் அந்தப் பாதரச ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கியது, பல் உதிர்ந்தது, மனம் குலைந்தது. ஊரின் பெயராலேயே டான்பரி நடுக்கம் என்று அந்த நோய் அழைக்கப்பட்டது. மாற்று வழிகள் இருந்தும் 1941-இல்தான் அந்நாட்டில் பாதரசம் கைவிடப்பட்டது. நம் ஓலைத் தொழிலில் பாதரசம் இல்லை. ஆனால் வெளுப்பதற்காகக் கந்தகப் புகை காட்டும் முறையைப் புதிதாகக் கொண்டுவருகிறவர்கள், அதை மூடிய அறையில் பெண்களை உட்கார வைத்துச் செய்யக்கூடாது என்பதையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். அழுத்த இயந்திரத்தையும் விளையாட்டாக எண்ணிவிட முடியாது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற எளிய அழுத்தத்தை எடுத்துக்கொண்டாலும், 30 செ.மீ. விட்டமுள்ள தொப்பியின் பரப்பில் மொத்த விசை 700 கிலோவைத் தாண்டும். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டுமே இயங்கும் அமைப்பு இல்லாத எந்த இயந்திரத்தையும் அரசுப் பணத்தில் வாங்கக் கூடாது. விலையைக் குறைக்க முதலில் நீக்கப்படும் உறுப்பு அதுதான் என்பதைப் பட்டறை அனுபவத்தில் சொல்கிறேன்.

பணத்துக்கு வழி இல்லை என்று சொல்ல இடமில்லை. மரபுத் தொழில்களைத் தொகுப்புகளாக வளர்ப்பதற்காக 2005-இல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் ஸ்ஃபூர்த்தி திட்டத்தில், பொது வசதி மையம் அமைத்து இயந்திரங்கள் வாங்க இடமுண்டு. மாநிலத்தில் காதி கிராமத் தொழில் வாரியமும், பூம்புகார் என்று நாம் அறிந்த கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமும் இருக்கின்றன. சென்னையில் உள்ள தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவன மாணவர்கள் நம் மக்களின் தலை அளவுகளை முறையாக எடுத்துத் தரலாம். அமெரிக்கத் தலைக்குச் செதுக்கிய அச்சு நம் தலைக்குப் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. கோயம்புத்தூர்ப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை எளிதில் கிடைக்காது. ஆனால் எந்தத் திட்டத்தில் வாங்கினாலும் அச்சும் இயந்திரமும் முடைகிறவர்களின் சங்கத்துக்கே உடைமையாக இருக்க வேண்டும் என்பதை ஆணையிலேயே எழுத வேண்டும். ஒப்பந்ததாரரின் கொட்டகையில் இயந்திரமும், சங்கத்தின் சுவரில் திறப்பு விழாப் புகைப்படமும் இருப்பதில் யாருக்கும் பயனில்லை.

இத்தனை செய்து தொப்பியை யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். வெளிநாட்டுச் சந்தையைப் பிறகு பார்ப்போம். தூத்துக்குடி உப்பளங்களில் மேலிருந்து வெயிலும், கீழே வெண்மையான உப்புப் பரப்பிலிருந்து எதிரொளியும் ஒருசேரத் தாக்க, நாள் முழுவதும் உப்பு வாருகிற தொழிலாளர்கள் தலையில் ஒரு துணியை மட்டும் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். சில மைல் தள்ளி, வெயிலைத் தாங்குவதற்கென்றே பிறந்த ஓலையில் தொப்பி முடைகிறவர்கள் சந்தையில்லாமல் இருக்கிறார்கள். வெயிலிலிருந்து முகத்தையும் காதையும் கழுத்தையும் காக்கத் தொப்பியின் விளிம்பு 7.5 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் புற்றுநோய்த் தடுப்பு அமைப்பினர் பரிந்துரைக்கிறார்கள். அந்த அகலத்தில், தொங்காத விளிம்புடன், வியர்வை உறிஞ்சும் துணிப்பட்டி உள்ளே தைத்து, தாடைக்கு ஒரு நாடாவும் வைத்துக் கொடுத்தால் தலைச்சுமை எடுக்கும் நேரம் தவிர மற்ற வேலை முழுவதும் அதை அணியலாம். உப்பள உரிமையாளர்களும், நூறு நாள் வேலைத் தளங்களும், சாலைப் பணியாளர்களுக்கான துறைகளும் ஆண்டுதோறும் கோடைக்கு முன்பு வாங்கினாலே அது ஒரு நிலையான சந்தை. அப்படி மொத்தமாக வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது அளவு எண்தான். 56 என்று எழுதியிருந்தால் அது 56-ஆகவே இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்த சட்டியால் அந்த உறுதியைத் தர முடியாது.

55 முதல் 60 செ.மீ. வரை ஆறு அளவுகளுக்கு மரக்கட்டை, அலுமினிய அச்சு இரண்டுக்குமான வரைபடங்களை, மூலை வளைவு, பக்கச் சரிவு, ஆவித் துளைகளின் இடம் உட்பட நான் வரைந்து வைத்திருக்கிறேன். தொப்பி முடையும் எந்தச் சங்கத்துக்கும், அவர்களுக்காகச் செய்ய முன்வரும் எந்த வார்ப்படப் பட்டறைக்கும் அவற்றைக் கட்டணமின்றித் தருவேன். முதல் அச்சை வார்க்கும்போது பட்டறையில் உடனிருக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். என் முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் தெரிவித்துள்ளேன். கேட்கிறவர்களுக்கு அதைக் கொடுத்துதவுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அச்சுப் பட்டறைத் தொழிலாளர்,
கோயம்புத்தூர்.